மடிக்கு அடங்கும் பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியை லிட்டரில் அளப்பார்கள் என்று என் தம்பி சொன்னபோது, என்னைக் கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். பாலை லிட்டரில் அளக்கலாம், டீசலை அளக்கலாம். தகரப் பெட்டியையா?

"நெசந்தான்க்கா. உள்ள இருக்கற எடத்தத்தான் லிட்டர்ல சொல்றது. அஞ்சு லிட்டர் கேபினெட்டுன்னா ரொம்பச் சின்னது. எனக்கு அதுதான் வேணும்," என்றான்.

கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். முதுகுப்பக்கம் புண் வராமல் இருக்க தினமும் கொஞ்ச நேரம் அப்படிப் படுத்தாக வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து, அவன் சொல்வதையெல்லாம் என் ஃபோனில் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே அப்பாவின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கருமத்தம்பட்டியில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது. தறி நின்றால்தான் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்ப்போம்.

பெருந்துறையில் வேலை முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி இடித்துவிட்டுப் போனது போன வருஷம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதன்பிறகு மாதத்தில் பாதி நாள் மதுக்கரைப் பக்கம் ஒரு சிகிச்சை மையத்தில், மீதி நாள் வீட்டில். டாக்டர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அம்மாவைப் பொறுத்தவரை அவன் ஆடிக்குள் நடந்துவிடுவான். ஆடி போனால் தை. சக்கர நாற்காலியைக்கூட அம்மா நாற்காலி என்று சொல்வதில்லை, 'வண்டி' என்றுதான் சொல்வார்.

மையத்தில் அவனுக்குக் கொடுமையான நேரம் சாயங்காலம்தான். அவனோடு வேலை செய்த நண்பர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டாக ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். அடிபடுவதற்கு முன்னால் அந்தக் குழுவுக்கு இவன்தான் தலைவன். ஃபோனில் அது ஓடாது. லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த மாதிரி ஆட்டத்தைத் தாங்கும் லேப்டாப் அடுப்பு மாதிரி சுடுமாம். மடியில் வைத்து தோல் வெந்துபோனாலும் இவனுக்குத் தெரியாது. அதுவுமில்லாமல், படுத்தபடியே பார்க்க அங்கேயும் வீட்டிலும் சுவரில் டிவி இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளலாம், சின்னப் பெட்டி ஒன்று போதும், வீட்டுக்கும் மையத்துக்கும் கூடவே வந்து போக வேண்டும் என்றான்.

பட்ஜெட்டையும் அவனே போட்டான். நொறுங்கிப்போன பைக்குக்கு வந்த இன்சூரன்ஸ் தொகை. அதற்கு மேல் என்னிடமோ அப்பாவிடமோ ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றான். நான் ஒரு மில்லில் கணக்கு பார்க்கிறவள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் பேர். "காசு விஷயத்துல என்னடா ரோஷம்?" என்று கத்தினேன். கத்தியவள்தான் எழுந்து போய் அவனுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

காந்திபுரத்தில் கடை கடையாக ஏறினேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது. தம்பி ஃபோனில் சொல்வதைக் கிளிப்பிள்ளை மாதிரி கடைக்காரரிடம் ஒப்பிப்பேன்.

"ஏனுங்க, பையனுக்குங்களா? இந்தப் பெரிய கேபினெட்டைப் பாருங்க. கலர் கலரா லைட்டு எரியும். வெலையும் கம்மிதானுங்க."

"சின்னது வேணுங்க. இருக்கறதுலயே சின்னது."

"சின்னதுன்னா காசு ஜாஸ்திங்க. போர்டும் சின்ன போர்டுதான் போடோணும். வரவழைக்கோணுங்க."

பெரியதை விடச் சின்னதற்கு விலை அதிகம் என்பதை என்னால் கடைசிவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இத்தனூண்டு போர்டுக்கு, நாலு ஓட்டை குறைவாக இருக்கிற போர்டுக்கு, கூடுதல் விலை. யாரிடம் போய் முறையிடுவது? கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மோர் வாங்கிக் கொடுத்தார்.

தம்பி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தான். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, படம் காட்டும் வேலையையும் சேர்த்துச் செய்கிற பிராசசரே போதும் என்றான். ஆட்டத்தில் புல்லும் இலையும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை என்றான். ரேமில் மட்டும் கை வைக்காதே என்றான். மலிவானதை எல்லாம் விட்டுவிட்டு, இருப்பதிலேயே சின்ன பவர் சப்ளையைத் தேர்ந்தெடுத்தான். ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. சாமான்கள் வந்து சேர்ந்த அன்று, எல்லாவற்றையும் அப்பாவின் நூல் தராசில் வைக்கச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நூல் கோன் எடை போடும் தராசில் மதர்போர்டையும் மற்றதையும் வைத்தேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப கேபினெட்டுக்கு ஒரு கிலோ இருக்குது. சரியாப் போச்சு."

"எதுக்குடா ஒரு கிலோ?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான். மடியில் மூன்று கிலோவுக்கு மேல் வைக்க வேண்டாம், வலி தெரியாததால் புண்ணாகிவிடும் என்று மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கிலோவுக்குள் இருந்தால், துண்டை விரித்து அதன் மேல் பெட்டியை வைத்து, சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு கொண்டுபோகலாம்.

"நான் ஒரு சாமானத் தூக்கி எத்தன நாளாச்சு தெரியுமாக்கா? தண்ணிச் சொம்பைக்கூட அம்மாவே எடுத்துக் கையில குடுத்துருது. எம் பையை அப்பா தூக்கறாரு, என்னைய நாலு பேரு தூக்கறாங்க. இது ஒண்ணாச்சும் நானே கொண்டு போறேனே."

அவன் நாற்காலியை எவரையும் தள்ள விடமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். மையத்தின் சரிவுப் பாதையில் வேர்த்து வழிந்து, நின்று நின்று, தானேதான் ஏறுவான். அம்மா பின்னால் கையை நீட்டிக்கொண்டே போவார், தொட மாட்டார். அந்தப் பாதையில் மடியில் ஒரு பெட்டியோடு ஏற வேண்டும் என்பதற்காகத்தான் புல்லையும் இலையையும் விட்டுக்கொடுத்திருக்கிறான்.

கேபினெட் ஒன்றுதான் பாக்கி. வெளிநாட்டிலிருந்து வருகிற அலுமினியப் பெட்டி, விலையும் அதற்குத் தகுந்தாற்போல. பட்ஜெட்டில் கடைசிப் பைசா வரைக்கும் அதற்குத்தான் சரியாக இருந்தது. வாங்கியிருக்கலாம். அதற்குள் அப்பா அந்த விலையைக் கேட்டுவிட்டார்.

"வெறும் தகரப் பெட்டிக்கா இந்த வெலை? தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கற நம்மூர்ல நின்னுக்கிட்டு தகரப் பெட்டிய வெளிநாட்டுல இருந்து வாங்கறதா? சிரிப்பாங்க."

அடுத்த நிமிஷம் எங்கள் தாய்மாமாவுக்கு ஃபோன் போய்விட்டது. மாமாவுக்குக் கணபதியில் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி, கம்பெனிகளுக்குக் கரண்ட் பேனல் பெட்டி செய்கிறவர். அவர் பெட்டிகள் மழையிலும் வெயிலிலும் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று ஒரு தலைமுறை பார்த்தவை. மருமகனுக்கு அடிபட்டதிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷன். சாயங்காலமே ஸ்கேலோடு வந்து இறங்கிவிட்டார்.

"மாப்ள, இதுக்குப் போயி காசக் கரியாக்குவியா? நாஞ் செஞ்சு தாரேன். யானை மிதிச்சாலும் நெளியாது."

தம்பி அளவுகளைச் சொன்னான். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை வரவில்லை. அவர் கிளம்பும்போது வாசல்வரை போய்ச் சொன்னேன்.

"மாமா, பெட்டி கனமே இருக்கக் கூடாதுங்க. ஒரு கிலோதான் இருக்கோணும். அவன் மடியில வெச்சு அவனே கொண்டு போகோணுமுன்னு ஆசப்படறானுங்க."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கை வைத்தார்.

"அம்மணி, அவன் எதுக்குக் கண்ணு தூக்கோணும்? நாமெல்லாம் எதுக்கு இருக்கறோம்? அதுக்குள்ள அவன் நடந்தே போயிருவான், நீ வேண்ணாப் பாரு. கனம் இருந்தாத்தான் பெட்டிக்கு ஆயுசு."

"இல்லீங் மாமா, நாஞ் சொல்றது..."

வாசலில் அம்மா வந்து நின்றார். கையில் மாமாவுக்குக் கொடுத்தனுப்ப முருங்கைக்காய்க் கட்டு. அம்மாவை வைத்துக்கொண்டு நாற்காலி என்றும் மடி என்றும் நான் எப்படிப் பேசுவது? மூக்குக்கு மேல் வருகிற கோபமெல்லாம் எங்கேதான் போயிற்றோ. முருங்கைக்காயை வாங்கி மாமாவின் வண்டியில் நானே வைத்தேன்.

மறுநாளும் ஃபோனில் சொல்லிப் பார்த்தேன். "நீ கவலயே படாத அம்மணி" என்று சிரித்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

மையத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி வந்தது. மாமாவும் அவர் பட்டறை ஆளும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். டேபிள் டாப் கிரைண்டர் இருக்குமே, அந்தக் கனம். தம்பி சொன்ன அளவில் இல்லை. கை தாராளமாக உள்ளே போக வேண்டும், காற்று ஓட வேண்டும் என்று மாமாவே பெரிதாக்கிவிட்டார். பேனலுக்குப் போடும் கெட்டித் தகடு. ஷாக் அடிக்காமல் இருக்க எர்த் போல்ட் வைத்திருந்தார். பூட்டும் சாவியும் உண்டு. பழக்க தோஷத்தில், மண்டையோடு போட்ட 'அபாயம்' ஸ்டிக்கரையும் முன்னால் ஒட்டியிருந்தார். அதற்கு மேலே அத்தை சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பியிருந்தார். கோணல் இல்லை, பிசிறு இல்லை, கடைகளில் நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் அப்படி ஒரு வேலைப்பாடு இல்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வசதியாக.

தம்பி பெட்டியைத் தடவிப் பார்த்தான். கைப்பிடியை ஒரு தடவை தொட்டான்.

"நல்லா இருக்குதுங் மாமா," என்றான்.

"புடிச்சிருக்குதா மாப்ள?"

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அவனே எல்லாவற்றையும் உள்ளே பொருத்தினான். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அந்தச் சின்ன போர்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் டிவியில் மாட்டி ஆட்டத்தைப் போட்டதும் நண்பர்கள் ஸ்பீக்கரில் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். அவன் கத்தினான், திட்டினான், சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் கேட்கவேயில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். மாமா கதவில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். நான் யாரைப் போய்க் கோபித்துக்கொள்ள முடியும்?

எல்லோரும் போன பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த அஞ்சு லிட்டரையே ஆர்டர் போட்டுரட்டுமா? பட்ஜெட்ல மிச்சம் இருக்குதில்ல?"

"வேண்டாங்க்கா. மாமா இருந்த ஆர்டரையெல்லாம் ஒதுக்கிப்போட்டு இதச் செஞ்சிருக்காரு. புதுசு ஒண்ணு வாங்கினா, இத எங்க வெக்கறது?"

நூல் தராசு அந்த அறையிலேயே ஒரு மூலையில்தான் இருந்தது. பெட்டியை யாரும் அதில் வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மாமாவும் கூட வர, மையத்தின் வாசலில் காரை நிறுத்தினோம். தம்பியை நாற்காலிக்கு மாற்றினோம். பழக்கமாகிவிட்ட வேலை, எங்களுக்கு அது இப்போது சட்டென்று முடிந்துவிடும். அவன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். முன்பே எடுத்து வைத்திருந்த துண்டு, நான்காக மடித்து வைத்திருந்தான். அதை மடியில் விரித்தான்.

"மாமா, ஒரு வாட்டி மடியில வெச்சுப் பாக்கலாமுங்களா? மெதுவா."

"ஐயய்யோ," என்றார் அம்மா. "காலு என்னத்துக்காகறது சாமி? புண்ணாயிப்போயிரும்."

"நீ எதுக்கு மாப்ள செரமப்படறே? தூக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோமே," என்றார் மாமா. அதற்குள் அவரும் அப்பாவும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கனத்தை அவன் மடியில் வைக்க நானும் விட்டிருக்க மாட்டேன்.

அவர்கள் இருவரும் சரிவுப் பாதையில் அடி மேல் அடி வைத்து ஏறினார்கள். "பாத்துங் மாமா, கை நசுங்கிரப் போகுது," என்று தம்பி கீழிருந்து சொன்னான். மேலே நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்துவிட்டு, என்னங்க இது என்று கேட்பதும், எங்க மாப்ளயோட கம்ப்யூட்டருங்க, நானே செஞ்சது என்று மாமா பெருமையாகச் சொல்வதும் கேட்டது. அம்மா பைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.

தம்பி சக்கரத்தில் கை வைக்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடியிலிருந்த துண்டை எடுத்து, இருந்த மடிப்பிலேயே மடித்து, என்னிடம் நீட்டினான்.

"நீயே தள்ளுக்கா," என்றான்.