ஒன்பதாவது துணி

எங்கள் டிராக்டர் பட்டறையில் எஞ்சின் கழுவுவது அக்காதான். மெக்கானிக்கின் கூடப்பிறந்தவர். அதனால் லேத்தில் நிற்கும் எனக்கும் அக்கா. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆனாலும் பட்டறையில் அவருக்குப் பேர் கணக்கு டீச்சர். எதைத் தொட்டாலும் எண்ணுவார். போல்ட்டை எண்ணுவார், வாஷரை எண்ணுவார். "என் தலைமுடியையும் எண்ணிச் சொல்லிடுங்க டீச்சர்" என்று கேட்டால், "அதுக்கு ஒரு கை விரலே போதும்ப்பா" என்பார். எனக்கு வழுக்கை.

அந்த வாரம் ஒரு பழைய டிராக்டர் வந்தது. வேறெங்கோ எஞ்சினைப் பிரித்துக் கட்டி, மூன்றே மாதத்தில் சிக்கி நின்றுபோன வண்டி. வண்டிக்காரர் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உழுதாக வேண்டும். "இன்னொரு தடவை சிக்கிச்சுன்னா பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

பாகமெல்லாம் கழற்றிய எஞ்சினின் வெறும் பிளாக்கை அக்கா ஒரு பகல் முழுக்கக் கழுவினார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து, காஸ்டிக் சோடா போட்ட கொதிநீரில் அமிழ்த்தி எடுத்து, எண்ணெய் ஓடும் துளைகளில் நீள பிரஷை விட்டு விட்டு இழுத்தார். பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் பெரிய துளைக்கு இரண்டு முனையிலும் திருகுமூடி உண்டு. முன்மூடி கழன்றது. பின்மூடி துருவேறி அசையவில்லை.

"விடுக்கா, முன்பக்கமாவே கழுவிக்க. நேரமில்ல" என்றார் மெக்கானிக். அக்காவுக்கு மனசே இல்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

அடுத்தது பிளாக்கின் விளிம்பில் ஒட்டிக்கிடக்கும் பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டும் வேலை. தூள் உள்ளே விழாமல் துளைகளில் துணி அடைப்பார். ஒரே பச்சைப் புடவையில் கிழித்த ஒன்பது துண்டுகள். சுரண்டி முடித்ததும் துணிகளை எடுத்து எண்ணிவிட்டுத்தான் பிளாக்கைக் கொடுப்பார். அன்றைக்கு வண்டிக்காரர் நச்சரித்த நச்சரிப்பில், எண்ணுவதற்குள் மெக்கானிக் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். துணிகள் வாளியில் ஊறிக்கிடந்தன.

மறுநாள் மதியத்துக்குள் கிராங்க் உட்கார்ந்துவிட்டது, பிஸ்டன்களும் இறங்கிவிட்டன. அடியில் ஆயில் தொட்டியை வைத்து மூடப்போகும் நேரம். அக்கா அப்போதுதான் துணிகளை அலசிக் கம்பியில் போட்டார். ஒரு தரம் எண்ணினார். திரும்பப் போய் எண்ணினார். வாளியைக் கவிழ்த்துத் துழாவினார். லேத்தை நிறுத்தினேன்.

"எட்டுதாம்ப்பா இருக்கு" என்றார்.

எண்ணெய் போகும் வழியில் துணி நின்றால் பேரிங் காய்ந்துவிடும். ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் எஞ்சின் சிக்கும். அது அக்காவுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் தம்பி எப்படிக் குதிப்பார் என்பதும் தெரியும். கண்ணை மூடி, உதட்டுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டார். பிறகு நேரே போய்த் தம்பி கையிலிருந்த ஸ்பானரைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதே தம்பி. என் துணி ஒண்ணு உள்ள இருக்கு."

"கிறுக்கா உனக்கு? காத்துல எங்கயாவது பறந்திருக்கும்!"

"பறந்திருந்தா சந்தோஷம். பிரிச்சுப் பாரு."

"முழுசா பிரிக்கணும்க்கா! பேசாம வீட்டுல இருன்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டியா நீ?"

வண்டிக்காரர் எழுந்து வந்தார். "ஏம்மா, என் வண்டிதான் கிடைச்சுதா விளையாட?"

"விளையாட்டு இல்லண்ணே. ஒரு நாள் பொறுத்துக்குங்க. இல்லன்னா வண்டி மறுபடி நின்னுடும்" என்றார் அக்கா. ஸ்பானரை விடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டவன் அதை மன்னிக்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்தார். பெரிய துளையின் முன்மூடியைக் கழற்றி, அந்த முன்துளையில் காற்றடித்தோம். எதுவும் வரவில்லை.

"போதுமா?"

"பின்மூடியைக் கழட்டு."

அதை நெருப்பில் காய்ச்சி, நானும் மெக்கானிக்கும் ஸ்பானரில் தொங்காத குறையாக இழுத்ததில், கிறீச்சென்று கழன்றது. கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தால் கரியாய் ஒரு உருண்டை. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"இந்தா, உன் ஒன்பதாவது!" என்று மெக்கானிக் வீசினார்.

அக்கா அதை மண்ணெண்ணெயில் கசக்கினார். கறுப்பு விட விட, முரட்டுப் பழுப்பு நூல் தெரிந்தது. கோணித் துணி. "இது என்னுது இல்ல தம்பி. முன்னாடி கட்டினவங்க விட்டது."

மூன்றே மாதத்தில் அந்த எஞ்சின் ஏன் சிக்கியது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மெக்கானிக் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ உங்க துணி?" என்றார் வண்டிக்காரர், குரல் இறங்கி.

"இன்னும் உள்ளேதாண்ணே இருக்கு."

மறுபடி முன்துளையில் காற்றை வைத்தோம். உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று மாறியது. பச்சைத் துண்டு ஒன்று பின்துளையிலிருந்து பறந்து வண்டிக்காரரின் சட்டையில் ஒட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பிளாக்கை நீயே எடுத்துக்கோக்கா. நீ குடுக்கிற வரைக்கும் நான் தொடல."

அக்கா முதலிலிருந்து கழுவினார்.

அன்றிலிருந்து மூன்றாம் நாள் காலை எஞ்சின் தயார். வண்டிக்காரர் சாவியில் கை வைத்தவர், திருகாமல் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், எண்ணிட்டீங்களா?"

அக்கா துணி காயும் கம்பியைக் காட்டினார். அவர் வண்டியிலிருந்து இறங்கிப் போய், விரல் வைத்துத் தானே ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது. பிறகுதான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, பிடித்தது. நாங்கள் எல்லோரும் எண்ணெய் அழுத்தம் காட்டும் ஆயில் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் கொஞ்சம் தயங்கி, மெல்ல எழுந்து நின்றது.