ஜப்பானுக்கு ஊழியம் செய்யப் போக இருந்தவர்

தாராவியில் நான் தங்கியிருந்த அறையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். சுனாபட்டியில் ஒரு பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கிற வேலையில் இருந்தேன். கால் வெந்துபோகும். அதற்கு முன் பல ஊர், பல வேலை. இதுவும் கொஞ்ச நாள்தான் என்று எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி சின்ன வயதில் தம்பியோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றி, சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கே காலரா வந்தது. சீக்காளிகளைத் தனிக் கொட்டகையில் போட்டார்கள். ஒரு நாள் கொட்டகையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். தம்பி உள்ளே இருந்தான். அப்போது அவனுக்கு உயிர் இருந்ததா, ஏற்கெனவே போயிருந்ததா என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டையைச் சொல்வதுபோலத்தான் இதையும் சொன்னார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே, "நான் ஜப்பானுக்குப் போறேன்" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி, டிரான்சிஸ்டர் வாங்கவா?" என்று கேட்டேன்.

"ஊழியத்துக்கு. ஆண்டவரு கூப்பிடுதாரு."

மூலையில் படுத்திருந்த எங்கள் அறை மில்காரர் எழுந்து உட்கார்ந்தார். "பம்பாயில அவருக்கு வேற ஆளு கெடைக்கலியா வே? போயும் போயும் அந்தப் பயலுவகிட்டயா உம்ம அனுப்புதாரு?"

"நீரு படும். இது உமக்கு வெளங்காது."

ஜப்பானில் வெகு காலம் ஊழியம் செய்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, லீவில் கப்பலில் தன் ஊருக்குப் போகிற வழியில் பம்பாயில் இறங்கியிருந்தாள். மறுநாள் மாலை மாதுங்காவில் அவள் பேசியபோது அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அண்ணாச்சியின் கோயில் பாதிரியார் அதைத் தமிழில் சொன்னார். சண்டை முடிந்து ஊர் சாம்பலாகக் கிடந்தபோது ஜனங்கள் கூடம் நிறைய வந்து கேட்டார்களாம். இப்போது சோறு இருக்கிறது, வேலை இருக்கிறது. மரியாதையாகக் கேட்கிறார்கள், குனிந்து வணங்குகிறார்கள், வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இத்தனை வருடத்தில் அவளோடு நின்றவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் என்றாள். லீவு முடிந்ததும் மறுபடி அங்கேதான் போகப்போவதாகவும் சொன்னாள்.

அண்ணாச்சி எழுந்து, "அப்போ திரும்ப ஏன் போறீங்கம்மா?" என்று கேட்டார்.

 அங்கே யாரும் தன்னை விரட்டுவதில்லை, வா என்றும் சொல்வதில்லை. ஆனால் ஊரில் போய் உட்கார்ந்தால் அந்த முகங்கள்தான் கண்ணுக்கு முன்னால் வருகின்றன, வேறு காரணம் தனக்குத் தெரியாது என்றாள். பாதிரியாருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அண்ணாச்சிக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னார். அவர்களுடைய ஜெபத்தில், நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று சொல்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தால் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாராம்.

"பொய் சொல்லப்பிடாதுல்லா தம்பி. இங்க இருந்துக்கிட்டு சொன்னா அது பொய்யி. அங்க போயி, அவன் மூஞ்சியப் பாத்து, உனக்கும் சேத்துத்தான் ஆண்டவரு செத்தாருன்னு சொல்லிட்டேன்னா வாயி தொறந்துரும்."

அண்ணாச்சி போய்க் கேட்டபோது பாதிரியார் முடியாது என்று சொல்லவில்லை. "பாஷை தெரியாம என்ன ஊழியம்? முதல்ல ஒரு ஜப்பான்காரனோட பேசிப் பாரும்" என்றார். அரிசிக்கு ரேஷன் கடையில் அடிதடி நடந்த காலம். அப்படியும் அந்தக் கோயில் பெண்கள், ஊரில் மிஷனரிகளுக்குச் செய்வதுபோல, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அண்ணாச்சியின் பயணத்துக்கு என்று எடுத்து வைத்தார்கள்.

ஜப்பான்காரனுக்கு எங்கே போவது? வொர்லியில் ஜப்பான் சாமியார்கள் இருக்கிற புத்தர் கோயில் ஒன்று உண்டு என்று மில்காரர்தான் சொன்னார். ஒரு ஞாயிறு மத்தியானம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அண்ணாச்சி கிளம்பினார். நானும் போனேன். பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். பேச வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கோயிலில் கூட்டம் இல்லை. ஒரு குஜராத்திக் குடும்பம் நிழலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது. மொட்டைத் தலையோடு ஒரு சாமியார் உள்ளேயிருந்து வந்தார். முப்பது வயது இருக்காது. சண்டை நடந்தபோது தவழ்ந்துகொண்டிருந்திருப்பார். அவரும் தன் சாமியைப் பற்றிச் சொல்ல எங்கிருந்தோ இங்கே வந்தவர்தான்.

அவரைப் பார்த்ததும் அண்ணாச்சியின் இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. இடுப்புவரை குனிந்தார். குனிந்தபடியே ஜப்பான் பாஷையில் எதையோ உரக்கச் சொன்னார். காட்டில் வரிசையில் நிற்கும்போது அவர் சொல்ல வேண்டியிருந்த நம்பர் அது என்று பிற்பாடு தெரிந்தது.

சாமியாரும் உடனே குனிந்தார். அவர்கள் வழக்கம் அப்படி. வந்தவர் நிமிருமுன் தான் நிமிர்வது மரியாதை இல்லையாம். அண்ணாச்சியோ, காட்டில் பழகியபடி, எதிரே இருப்பவர் சொல்லாமல் நிமிர்கிற ஆள் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே வளைந்து நின்றார்கள். சாமியார் ஓரக்கண்ணால் பார்த்து இன்னும் தாழக் குனிந்தார். அண்ணாச்சி அதற்கும் கீழே போனார். குஜராத்திக் குழந்தைகள் சிரித்தன. அண்ணாச்சியின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. அவர் கால்சட்டை மூத்திரத்தில் நனைந்திருப்பதைப் பார்த்ததும் நான் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"க்யா ஹுவா, பாயி?" என்ன ஆச்சு என்று சாமியார் பதறிப்போய் இந்தியில் கேட்டார். உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாச்சி விறைப்பாக நின்றபடியே குடித்தார். செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "ஒரு வார்த்தகூடச் சொல்லலியே அண்ணாச்சி?"

"அவன் நிமுருன்னு சொல்லலியே தம்பி."

"அவரு பச்சப்புள்ள. உங்களக் கண்டு பயந்துல்லா போயிட்டாரு."

"தெரியுது."

"இன்னொரு தரம் வருவமா?"

 பஸ் வந்தது, இடம் கிடைத்தது. அண்ணாச்சி நனைந்த துணியோடு உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாதர் தாண்டியபின் அவராகவே பேசினார்.

"அவனுங்கள்ல ஒருத்தனை மனுசனா பாத்துட்டேன்னா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். மனுசன்தான். நல்ல பையன். தண்ணி கொண்டாந்து குடுத்தான்." வெளியே பார்த்தார். "அதனால ஒண்ணும் ஆவல."