தீபாவளிக்குக் கதவை மறித்து நின்ற அக்கா

எங்கள் அக்கா கொட்டகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தார். அதே காம்பராவில்தான் கண்ணை மூடினார். வருடத் திதியில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு அவர் வாழ்ந்த வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. "அந்தத் தீபாவளிக் கதைய மட்டும் போடாத தங்கச்சி, சொந்தக்காரங்க வாசிப்பாங்க" என்றார் அண்ணன். சொந்தக்காரர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் போடுகிறேன்.

அப்பா தவறியபோது அக்கா இன்னும் சின்னப் பெண். அம்மா சீக்காளி. அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனார். அண்ணனையும் என்னையும் வளர்த்தது அவர்தான். பெண் கேட்டு வந்தவர்களிடம், "இந்த ரெண்டு பேரும் என்கூடத்தான் வருவாங்க, சம்மதமா" என்று கேட்பாராம். யாருக்கும் சம்மதமில்லை. அதற்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பயம் எல்லாம் எனக்குத்தான். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து மூச்சு இழுப்பு. வீட்டுக்காரர் கொழும்பில் வேலை செய்ததால் நான் மகளோடு அக்காவிடமே இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்து, ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது, சளிக்காரர்கள் பக்கத்தில் விடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்திய நாள் அண்ணன் கொழும்பிலிருந்து வந்தார். எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பஸ் நிறைய வந்து இறங்குவார்கள். ஒரே காம்பராவில் எல்லாரும் நெருக்கிப் படுப்போம். காய்ச்சல் இருந்தாலும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பண்டிகை கெட்டுப்போகும். அண்ணனும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டுதான் வந்தார்.

அக்கா வாசலிலேயே அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பையை வாங்கவில்லை.

"உள்ள வராத தம்பி. ஒடம்பு கொதிக்குது."

"பஸ்ல நெருக்கத்துல வந்த சூடுக்கா."

"எங்க, மூச்சை நல்லா இழுத்து விடு."

இழுத்தார். விடுவதற்குள் இருமல் வந்துவிட்டது.

"கோயில் மடத்துல படு. சாப்பாடு நான் கொண்டாந்து தாரேன். உள்ள புள்ள இருக்கு."

"அப்ப நான் யாரு?"

"நீயும் புள்ளதான். வளந்த புள்ள."

லயமே வேடிக்கை பார்த்தது. நான் உள்ளே பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றேன். மகளுக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம், அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று இன்னொரு பயம். போயேவிட்டார், கீழ் லயத்து அத்தை வீட்டுக்கு.

அத்தை உடனே ஏறி வந்து பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கூடப்பிறந்தவனைத் தீபாவளிக்கு வாசலில் நிறுத்திய வீட்டில் விளக்கு எரியுமா என்று கேட்டார்.

"எரியாட்டி போகுது அத்தை, புள்ளைக்கு மூச்சு இருந்தா போதும்" என்றார் அக்கா. "காலையில அவனுக்கு எண்ணெ தேச்சிறாதீங்க."

தேய்த்தார்கள். தீபாவளியன்று தலை முழுகாதது சாவு வீடு மட்டும்தான் என்பது நம் ஆட்களின் கணக்கு. விடியுமுன்னே, அந்தக் குளிரில், நல்லெண்ணெய் வைத்துக் காய்ச்சல்காரருக்குத் தலைக்கு ஊற்றினார்கள். மத்தியானம் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. அத்தை வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஆட்டோ தேடிப் பிடித்து அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? அக்கா. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அவர் தேறும் வரை போய்ப் போய்ப் பார்த்தார். அத்தனை நாளும் எங்கள் காம்பராவுக்குள் அக்கா கால் வைக்கவில்லை. விறகுக் கொட்டிலில் படுத்தார். சோற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விட வேண்டும். தம்பிக்குப் போட்ட சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டார். இதை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை? என் மகளுக்கு அந்தப் பண்டிகையில் ஒரு தும்மல்கூட வரவில்லை.

அண்ணன் ரொம்ப நாள் பேசவில்லை. அவருக்கே பிள்ளை பிறந்த பிறகு, ஒரு பொங்கலுக்கு வந்து வாசலில் நின்றார். "மூச்சு இழுத்துக் காட்டவாக்கா?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே பையை வாங்கினார். சமாதானம் அவ்வளவுதான்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்கு இருதயம் பலவீனப்பட்டுக் கால் வீங்கியது. மேடு ஏற முடியவில்லை. சாவு வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். ஊருக்கெல்லாம் உடம்பு பார்த்தவள் தன் உடம்பைப் பார்க்கவில்லையாம். தம்பியை வாசலில் நிறுத்திய பாவமாம். அன்று கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இன்று சொல்கிறேன். மழையிலும் பனியிலும் கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த இருதயம் அது. பாவத்தில் தேயவில்லை. பாவம் என்று சொன்னவர்கள், இன்று இந்தத் திதிப் பந்தியில் பரிமாறிக்கொண்டு நிற்கும் என் மகளை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

முடியாத நேரத்தில் அக்காவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருந்த, நாங்கள் நோனா என்று கூப்பிடும் சிங்கள அம்மாவுக்கும், காரியங்களை முன்நின்று செய்த அண்ணனுக்கும் அண்ணிக்கும், எங்களோடு கண்ணீர் விட்ட அத்தைக்கும் நன்றி.

துக்க வருடம் முடிகிறது. வருகிற தீபாவளிக்கு எல்லாரும் வாங்க. காய்ச்சலோடு வருகிறவர்களை மறிக்க இனி நான் இருக்கிறேன். எனக்குப் பயம்தான், ஆனால் கதவை விட மாட்டேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகலாம். சுகமானதும் வாங்க. உங்கள் பங்குப் பலகாரத்தை எடுத்து வைத்திருப்பேன்.