எட்டு ஐஸ் துண்டு

ஸ்கிரீன் அக்கா வீட்டில் வெயில் காலம் பிறந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்க்கவே வேண்டாம். தன் தையல் கடையில் வெட்டியது போக மிஞ்சின துணிகளை ஒட்டுப்போட்டு, ஜன்னலுக்கும் சமையலறை வாசலுக்கும் புதுத் திரை தைத்து மாட்டிவிடுவாள். ஊர் வீடுகளுக்கெல்லாம் பட்டுபோல் ஸ்கிரீன் தைக்கிறவள் வீட்டுக்கு எப்போதும் ஒட்டுத்துணிதான். பஸ் ஓட்டி ரிட்டயரான அவள் வீட்டுக்காரர், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து உத்தரவு போடுவார். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பெரிய டம்ளர் எலுமிச்சை ஜூஸ், புதினா கிள்ளிப் போட்டு. மனுஷன் தன்னுடையதை மடமடவென்று குடித்துவிட்டு அவள் டம்ளரிலும் கண் வைப்பார்.

இந்த வருஷம் அவருக்குக் கிட்னி படுத்துவிட்டது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

அக்கா லேசுப்பட்டவளா? காலமெல்லாம் அளவெடுத்தே பிழைத்தவள். ஜூஸை ஐஸ் தட்டில் ஊற்றி, குழிக்கு ஒரு புதினா இலை போட்டு உறைய வைத்தாள். சாப்பாடு, மருந்துக்குப் போக, தினம் எட்டுத் துண்டு. அவர் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். "இந்தத் தடவை நீலத் துணியா போடு. கண்ணாவது குடிக்கட்டும்" என்று சிரித்தார். நீலமே தைத்து மாட்டினாள்.

அவர் எதிரில் அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். தாகம் எடுத்தால் சமையலறைத் திரைக்குப் பின்னால் போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பாள். அவள் எழுந்தாலே அவர் ரேடியோவை அலற விடுவார். "காது செவிடா போச்சா உங்களுக்கு?" என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

ஒரு மத்தியானம், மூன்று துண்டு முடிந்ததும் அவர் கேட்டார். "இந்தா, எனக்கு ஒரே ஒரு டம்ளர் ஜூஸ் கொடேன். தளும்பத் தளும்ப."

"விளையாடறீங்களா? இன்னும் அஞ்சு துண்டு இருக்கு. அவ்வளவுதான்."

"நீ மட்டும் உள்ள போய்க் குடிக்கறியே."

அவள் முகம் செத்துப்போனது.

"அட, குடி! நான் வேணாம்னா சொன்னேன்? நீ குடிக்கற சத்தம் எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அதையும் விட்டுடுவே. அதுக்குத்தானே ரேடியோவைப் போடறேன்" என்றார்.

அப்படியும் அவள் டம்ளரைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். சாயங்காலமே அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் நாத்தனார்தான் அவளைக் கவனித்துக்கொண்டாள். "அண்ணி, காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை நீங்க" என்று ஜூஸ் கலக்கி, ஃப்ரிட்ஜில் கண்ணில் பட்ட ஐஸ் தட்டையும் அதில் கவிழ்த்து, டம்ளரை நீட்டினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

ஐந்து துண்டு மிதந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு புதினா இலை. டம்ளர் தளும்பிக்கொண்டிருந்தது. ஐயோ, எப்படியும் போகப்போகிற மனுஷனுக்கு ஒரு டம்ளர் கொடுத்திருக்கலாமே என்று அந்தத் துண்டுகளையே பார்த்தாள்.

டம்ளரோடு எழுந்தாள். நேரே போய் ரேடியோவைத் திருகி அலற விட்டாள்.

"என்ன அண்ணி இது, சாவு வீட்ல!" நாத்தனார் பதறினாள்.

"அவருக்குக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நீலத் திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.