தொட்டிக்கு மேல் நின்ற வெயில்

ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே சூரியன். எனக்கு மட்டும், பொழுது அடைந்த பிறகு, தனியாக இன்னொன்று உதித்தது! சிரிக்காதீர்கள். நான் ஆயிரம் புளுகியிருக்கிறேன். இது அந்தக் கணக்கில் சேராது.

நான் ரிட்டையரான பஸ் கண்டக்டர். சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சுவரோடுதான் பேச்சு. அதற்குப் பயந்தே பாளையம்பட்டிக்கு அந்தப் பக்கம், சந்தனம் என்பவனின் சாயப்பட்டறையில் காவலுக்குச் சேர்ந்தேன். அங்கே கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வெள்ளைப் பொடி கலப்பார்கள். வெயில் பட்டால் அது சாயத்தைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். வெயில் இல்லையென்றால் வெறும் கோலமாவு.

ஐப்பசி மூடாக்கு. நாலு நாளாக வெயிலே இல்லை. தொட்டி ரத்தச் சிவப்பு. மறுநாள் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள்.

"தெளியலைன்னா பட்டறைக்குப் பூட்டுதாண்ணே," என்று புலம்பிவிட்டுச் சந்தனம் வீட்டுக்குப் போனான்.

பூட்டினால் எனக்கு மறுபடியும் சுவர்தான்.

மணி ஆறே முக்கால். கரண்டு போனது. கருவேலங்காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. தொட்டி ஓரம் நின்றேன்.

வழுக்கை சுட்டது.

குனிந்தேன். காலடியில் என் நிழல். உச்சி வெயிலில் விழுமே, அப்படிக் குட்டையாக...

பக்கத்தில் இன்னொரு நிழல்.

ஓடுகிற பஸ்ஸில் நூறு தலையைத் தப்பாமல் எண்ணியவன் நான். எண்ணினேன். ஆள் ஒன்று. நிழல் இரண்டு.

சளக்... சளக்...

நூல் பிழிகிற சத்தம். கொண்டை போட்ட அந்த நிழல், இடது முழங்கையில் நூலைச் சுற்றி முறுக்கியது.

ஓடியிருக்கலாம். பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று நின்றேன், பாருங்கள்!

"யாரு தாயி?"

சத்தம் நின்றது.

நிழல் திரும்பியது...

என் பக்கம்.

அப்புறம் நினைவில்லை.

விடிந்து சந்தனம்தான் தட்டி எழுப்பினான். வானம் அப்போதும் மூடாக்கு. தொட்டியில் அடித்தரை தெரிந்தது!

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"சூரியனுக்கு டிக்கெட்டு கிழிச்சீகளாண்ணே?"

எழுந்ததும் எரிச்சலுக்குச் சுற்றியிருந்த ஈரத் தலைத்துண்டை எடுத்தேன். மண்டைத்தோல் வெந்து உரிந்திருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

"பொம்பளை நிழல்டா. முழங்கையில சுத்தித்தான் பிழிஞ்சா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாரும் கம்புல மாட்டித்தாண்ணே முறுக்குவாக. முழங்கையில சுத்துறது இங்க வேலை பாத்த அருஞ்சுனை ஒருத்திதான்... தொட்டி கட்டுறதுக்கு முந்தி இது நூல் காயப்போடுற களம். சித்திரை உச்சி வெயில்ல, பிழிஞ்சுக்கிட்டே சுருண்டு விழுந்தா. எந்திரிக்கவே இல்ல. நீங்க அவளப் பாத்ததே கெடையாது..."

தெளிந்த தண்ணீரையே பார்த்தான்.

"நெசந்தாண்ணே. நடந்திருக்கு."