ஏழாம் எண் ஐபீஸ்

என் அக்காள் கணவரைத் தெருவில் எல்லோரும் பல் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பதுதான் அத்தானின் வேலை. எத்தனையோ பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுத்த மனிதர், அதில் ஒருவரின் முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது.

அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. யார் பேசினாலும் அவர் பார்வை பல்லிலேயே நிற்கும். "நான் சொல்றது காதுல விழுதா? கொஞ்சம் என் முகத்தைப் பாருங்களேன்" என்று அக்காள் இருபது வருடமாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் அசர மாட்டார். "பாத்துட்டுத்தானே இருக்கேன். மேல் கடவாய்ல ஒண்ணு ஆடுது போல இருக்கே" என்பார்.

கீழ்த்தளத்தில் பட்டறை, முதல் மாடியில் என் அறை, இரண்டாவதில் அவர்கள் வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. பட்டறையில் நான் பாலிஷ் போடுகிறவள். பதினான்கு வருடமாக அந்த மெஷினோடு மாரடிக்கிறேன். மூன்று பேர் சாப்பாடும் அத்தானின் இரண்டு கண்களை நம்பித்தான் இருந்தது. மயிரிழை உயரம் கூடினாலும் பல்செட் வாயில் உட்காராது, மறுநாளே திரும்பி வந்துவிடும்.

அந்தக் கண்களுக்கு அவர் கொடுத்த ஒரே பொழுதுபோக்கு வானம். மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். அது ஒன்றுதான். ஆனால் அதில் செருகிப் பார்க்கும் ஐபீஸ்கள் இருபதுக்கு மேல் இருந்தன. ஐபீஸ் என்பது நாம் கண் வைக்கிற முனையில் இருக்கும் கட்டைவிரல் அளவு குழாய். ஒன்று நிலவை முழுசாகக் காட்டும், இன்னொன்று நிலவின் ஒரு பள்ளத்தை மட்டும் காட்டும். எல்லாம் பழசு, தபாலில் வாங்கியவை. பல்செட் போட்டுக் கொடுக்கிற டப்பாக்களில் ஒவ்வொன்றாக வைத்து அலமாரியில் அடுக்கியிருப்பார். மேல் தட்டில் பற்கள் இளிக்கும், கீழ்த் தட்டில் கண்ணாடிக் கண்கள் முழிக்கும். காலையில் விளக்கைப் போட்டவுடன் முதலில் நான் அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

ஒரு நாள் மூன்று ஐபீஸ்களை என் முன்னால் வரிசையாக வைத்தார். மூன்று ஊர்களிலிருந்து, மூன்று ஆட்களிடம் வாங்கியவை.

"இதெல்லாம் ஒரே ஆளோடது" என்றார்.

ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஊசியால் கீறிய சின்ன எண் இருந்தது. இரண்டு, ஐந்து, பதினொன்று. மூன்றும் ஒரே கையெழுத்து. அதைவிட அவருக்குப் பிடிபட்டது தேய்மானம். பல்லைப் பார்த்தே இந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறவர் என்று சொல்லக்கூடியவர் அவர். "இந்த ஆளுக்கு நம்பர் மேல இருக்கற மாதிரி செருகற பழக்கம். மூக்குக்கண்ணாடியும் போடறவர். கண்ணை அழுத்திப் பாக்கும்போது மூக்கு மேல இருக்கற கம்பி இதோட விளிம்புல உரசும். வலது கண்ணால பாத்தா மூக்கு எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம்."

"அப்போ நம்பருக்கு இடது பக்கம் தேயும். இடது கண்ணால பாத்தா வலது பக்கம் தேயும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்தது. எண் போட்ட ஐபீஸ் யாரிடமாவது இருக்கிறதா என்று ஊர் ஊராக எழுதிப் போட்டார். ஆறு வருடத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வந்து சேர்ந்தது, ஏழு தவிர. அந்த முகம் தெரியாத ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் முன்னவர். "இன்னிக்கு உங்க முன்னவர் என்ன சொல்றார்?" என்று கேட்டுத்தான் அக்காள் காபி டம்ளரை வைப்பாள். "எனக்கு ஒரு சக்களத்தி வந்திருந்தாக்கூட நேருக்கு நேர் சண்டை போட்டிருப்பேன்டி. இவரு மூஞ்சியே இல்லாத ஆளோட குடும்பம் நடத்தறாரு" என்று என்னிடம் புலம்புவாள்.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான். ஒரு மழை நாளில் பன்னிரண்டையும்—ஏழு இல்லாமல் பதினொன்றையும்—துடைத்து வரிசையாக வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்று முதல் ஆறு வரை எண்ணுக்கு இடப்பக்கம் ஆழமாகத் தேய்ந்திருந்தது, வலப்பக்கம் லேசாக. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கம் கறுப்புப் பூச்சு அப்படியே புதிதாக இருந்தது. அத்தானைப் போலவே முன்னவரும் ஆறு வரைக்கும் வலது கண்ணால் பார்த்திருக்கிறார். எட்டிலிருந்து அந்தக் கண்ணை வைக்கவே இல்லை.

"நடுவுல என்ன ஆச்சு அத்தான்?"

"வயசாகியிருக்கும். கண்ணுல புரை விழுந்திருக்கும்" என்றார். சொல்லும்போது அவர் கை, ஏழுக்காக ஒதுக்கி வைத்திருந்த காலி டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தது.

ஏழு ஒரு சனிக்கிழமை தபாலில் வந்தது. மற்றவற்றைப் போல் இல்லை. அடியில் ஒரு பித்தளை வளையம், அதில் ஒரு கரும்பச்சைக் கண்ணாடி. சூரியனைப் பார்க்க.

அந்த மாதிரி கண்ணாடியை நம்பக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். தொலைநோக்கி வெயிலையெல்லாம் திரட்டி அந்த ஒரு துண்டின் மேல்தான் கொட்டும். சில நிமிடத்தில் சூடேறி விரிசல் விட்டால் போச்சு, கண் அங்கேயே வெந்துவிடும். இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு அவர் வேறு ஆள். ஏழாம் எண்ணைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

"கண்ணாடி முழுசா இருக்கு பாத்தியா? முன்னவர் எத்தனை வருஷம் பாத்திருப்பார். ஒண்ணும் ஆகலையே. நாளைக்கு மத்தியானம் ஒரே ஒரு தடவை. பத்து செகண்டு."

"கண்ணு போச்சுன்னா நாங்க என்ன பண்றது?" என்று அக்காள் கேட்டாள். "வேண்டாங்க. என் தலை மேல கை வைச்சு சத்தியம் பண்ணுங்க." அவர் சத்தியம் பண்ணவில்லை. அவளுடைய பல்லைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். இரவு படுக்கும் முன் நான்தான் ஏழைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் அவசர வேலை இருந்தது. யாரோ ஒரு பெரியவரின் பல்செட்டில் ஒரு பல் விழுந்து, அத்தான் புதுப் பல் வைத்துக் கொடுத்திருந்தார். அதைச் சுற்றி இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை வெட்டி ஒட்டிச் சரிபார்க்க வேண்டியது என் வேலை. பதிமூன்று பற்கள் மஞ்சளாக, மழுங்கி, கீறல் விழுந்து இருந்தன. நடுவில் அந்த ஒன்று மட்டும் பளீரென்று வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல்.

என் கை நின்றுவிட்டது. நேற்று நான் துடைத்த ஏழு. பித்தளை வளையத்தின் மரை மழுங்கிப்போயிருந்தது, பூச்சு உதிர்ந்திருந்தது, விளிம்பு தேய்ந்திருந்தது. உள்ளே இருந்த பச்சைக் கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. அது முன்னவரின் கண்ணாடி இல்லை. பழையது உடைந்து, அந்த இடத்தில் புதிதாக வைத்தது.

ஆறு வரை வலது கண். எட்டிலிருந்து இடது கண்.

கையில் இருந்த மெழுகுத் தகட்டோடு ஓடினேன். நாற்பத்தெட்டுப் படி. என் மூட்டுக்கு அது பெரிய விஷயம். மாடிக் கதவைத் தள்ளியபோது வெயில் முகத்தில் அறைந்தது. அத்தான் தொலைநோக்கிக்கு இரண்டடி தள்ளி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

"அது பல்லு மாத்தின செட்டு அத்தான்! கண்ணாடி புதுசு. பழசு அவர் கண்ணுல வெடிச்சிருக்கு!"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மெழுகுத் தகட்டை ஐபீஸுக்கு மேல், கண் வைக்கும் இடத்தில் பிடித்தேன். வைத்த உடனே சுர்ரென்று புகைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. தகட்டில் பட்டாணி அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு வெள்ளை ஒளி என் உள்ளங்கையில் விழுந்து சுட்டது. கையை உதறிவிட்டு ஐபீஸைக் கழற்றினேன். பச்சைக் கண்ணாடியின் குறுக்கே ஒரு விரிசல், நடுவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"சூட்டுல இப்பத்தான் விட்டிருக்கு" என்றேன்.

"ஆமா, இப்பத்தான்" என்றார்.

அக்காள் மேலே வந்து அந்த ஓட்டை விழுந்த மெழுகைப் பார்த்துவிட்டு அழுதாள், திட்டினாள், பிறகு அவரைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை. கண் தப்பிய சந்தோஷத்தில் அடுத்த மாதமே அவருக்கு ஓர் ஐபீஸ் வாங்கிக் கொடுத்தாள். யார் கையும் படாத, பெட்டி பிரிக்காத புதுசு. அத்தான் அதன் விளிம்பில் பதிமூன்று என்று கீறி, முன்னவரைப் போலவே எண் மேலே இருக்கும்படி செருகினார். "முன்னவர் குடும்பத்துல அக்காவையும் சேத்துட்டீங்களா?" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. மெழுகு சீவும் கத்தி இரண்டு முறை அவர் விரலைக் கிழித்தது. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார். வலப்பக்கம் உயரம் கூடிப்போய் மூன்று பல்செட்கள் திரும்பி வந்தன. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் முன்னவருக்குச் சொன்ன அதே காரணம்.

எட்டு மாதம் கழித்து அலமாரியைத் துடைத்தேன். பதிமூன்றை எடுத்தேன். எண்ணுக்கு வலப்பக்கம் பூச்சு உதிர்ந்து உலோகம் மின்னியது. இடப்பக்கம் கறுப்பு அப்படியே இருந்தது, கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி.

பக்கத்து டப்பாவில் ஏழு. திறந்தேன். அதில் ஒரு கரும்பச்சைக் கண்ணாடி முழுசாக, புதிதாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்தது. அந்தக் கண்ணாடி சூடேறி உடைய நிமிடக் கணக்காகும் என்று அவர்தானே சொல்வார்? மெழுகை வைத்த நொடியே புகைந்தது. நான் மாடி ஏறும் முன்பே அது உடைந்திருக்கிறது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் பதிமூன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அக்காகிட்ட சொல்லிடாதே" என்றார்.

"எவ்வளவு தெரியுது அதுல?"

"ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் இல்ல." வேலையை நிறுத்தாமல் மெழுகைச் சீவிக்கொண்டே சொன்னார். "இடது கண்ணை மூடிட்டு உங்க அக்காவைப் பாத்தா முடி தெரியும், காது தெரியும், புடவை தெரியும். முகம் இருக்கற இடத்துல மட்டும் அந்தச் சூரியன் உக்காந்திருக்கு. கறுப்பா."

"அப்புறம் எதுக்கு இதுக்குப் புதுக் கண்ணாடி?"

"செட்டு முழுசா இருக்க வேண்டாமா?"

கண் போனதற்கு இல்லாத ஓர் ஏக்கம் அந்தக் கேள்வியில் இருந்தது. முன்னவரும் ஒரு நாள் இதே மாதிரி உட்கார்ந்து, இதே நினைப்பில், அடுத்த ஆளுக்காகப் புதுக் கண்ணாடியை மாட்டி வைத்திருக்க வேண்டும். அத்தானுக்கு அடுத்து யார்? எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. வளையத்தைத் திருகிக் கண்ணாடியை வெளியே தட்டி, பிளாஸ்டர் அச்சு உடைக்கிற சுத்தியலை எடுத்து அடித்தேன். பச்சைத் தூளாகும் வரை அடித்தேன். அதற்கு முன்போ பின்போ அத்தானைப் பார்த்து நான் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவர் அந்தத் தூளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாகச் சாய்த்து, இடது கண்ணால்.

அக்காளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவள் அவருக்கு வலப்பக்கம் உட்காருகிறவள். அவள் பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் அவர் முகத்தை முழுசாக அவள் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"பாத்தியாடி" என்று போன வாரம் என் காதோரம் வந்து ரகசியமாகச் சொன்னாள். "இருபது வருஷம் கழிச்சு, உங்க அத்தான் என் முகத்தைப் பாத்துப் பேசறார்."