ஆடு தொடாத தழை

கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது தேவாரம் ஊரிலிருந்து செல்வி கைபேசியில் பேசினாள். "அண்ணே, அம்மா போயிருச்சு. விடியக்காலைல காப்பி கேட்டுச்சு. போட்டுக் கொண்டாரங்குள்ள முடிஞ்சிருச்சு." எப்போது எடுப்பார்கள் என்று மட்டும் கேட்டேன்.

தேனிக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் என்னை, கூடக் கடை நடத்தும் உங்களில் பலருக்குத் தெரியும். செல்வியின் தாயார் பவுன்தாயக்காவையும் தெரியும். வாரம் தவறாமல் தேவாரம் பேருந்தில் மூட்டைகளோடு வந்து, இறங்கும்போது நடத்துநரிடம் ஒரு சண்டை போட்டுவிட்டு, நம் கடைகளுக்கு மூலிகைத் தழை கொடுத்துவிட்டுப் போனவர். 'நல்ல மனுசிதான், என்ன, ஒருதடவ தழைய மாத்திக் குடுத்துருச்சு' என்று அவரைப் பற்றி நாம் சொல்லி வந்தோம். அவர் மாற்றிக் கொடுக்கவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவின் தழைகளில் முதன்மையானது ஆடாதோடை. மலையடித் தோட்டங்களில் வேலியாகவே நிற்கும். நீண்ட இலை, வெள்ளைப் பூ. சளி இருமலுக்கு நம் பக்கத்தில் முதலில் தேடுவது அதைத்தான். கசப்பினால் ஆடு தொடாது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பழக்கத்தில், அக்கா சில நேரம் அங்கத்துப் பேச்சில் 'ஆடலோடகம்' என்பார். முற்றிய இலையாகத்தான் பறிப்பார். "கொழுந்தக் கிள்ளுனா செடி நம்மள நம்பாது தம்பி."

உண்மையிலேயே ஆடு தொடாதா என்று ஒருநாள் கேட்டேன். "எங்க வீட்டு ஆட்டுக்கு நீட்டிப் பாத்தேன். ஒரு பார்வை பாத்துச்சு பாரு, எங்க மாமியா கூட அப்படிப் பாத்ததில்ல" என்றார்.

ஆடுதின்னாப்பாளை என்று இன்னொன்று உண்டு. தரிசில் தரையோடு படரும் சிறு கொடி. அதையும் ஆடு தின்னாது. இரண்டுக்கும் பெயரில்தான் உறவு, குணத்தில் ஒட்டுமில்லை. சொறி சிரங்குக்கு மேலே பூச யாராவது கேட்பார்கள். உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அக்கா இரண்டையும் கொண்டுவந்தார். இரண்டும் காய்ந்து நொறுங்கிய சருகு. "தம்பி, செவப்புக் கயிறு கட்டுனது ஆடு தின்னாதது. மேலுக்குப் போடுறது. தனியா வையி" என்றார். நான் கைபேசியில் ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தலையை ஆட்டினேன். என் காதில் விழுந்தது 'ஆடு' மட்டும்தான். சிவப்புக் கயிற்று மூட்டையில் 'ஆடாதோடை' என்று எழுதி ஒட்டினேன்.

அதை இடித்த பொடியை ஜெயமங்கலத்து லாரி ஓட்டுநர் ஒருவர் இருமலுக்கு வாங்கிப்போனார். இரண்டு நாள் குடித்தார். வாந்தி, வயிற்றுவலி, ஆஸ்பத்திரி. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் பொட்டலத்தோடு வந்து நின்றபோது கடை நிறைய ஆள். மூட்டையை எடுத்தேன். சிவப்புக் கயிற்றைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் சொன்னேன்: "தழை கொண்டாந்தவுக மாத்திக் குடுத்துட்டாக." நான் கடையை விட்டு இறங்குவதற்குள் அந்தப் பேச்சு கடைத்தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

அடுத்த வாரம் வந்த அக்காவிடம் யாரும் தழை வாங்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். அந்த மூட்டையைக் காட்டச் சொன்னார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல என்ன எழுதிருக்கு, வாசி."

வாசித்தேன்.

"யாரு எழுதுனது?"

"நாந்தாங்க்கா."

கொண்டுவந்த மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அதன் பின் ஆறு மாதம் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்.

நான் தேவாரத்துக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். நல்ல தழை கிடைக்கவில்லை, அதனால் போனேன். அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். "இனிப் பேரு சொல்லிக் குடுக்க மாட்டேன். மூட்டை வாயில அந்தந்தச் செடியோட பச்சைக் கொப்பு ஒண்ணு கட்டிருப்பேன். பாத்து வாங்கி வையி. பேரு ஏமாத்தும், கொப்பு ஏமாத்தாது." பிறகு, "ஊர்ல சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிர்றேங்க்கா."

சொல்லவில்லை. அவரும் அப்புறம் கேட்கவில்லை. ஒவ்வொரு கடையாக மறுபடி வாங்கத் தொடங்கினார்கள். பச்சைக் கொப்பைப் பார்த்து, "கண்ணு மங்கிப்போச்சுல்ல, அதான் அடையாளம் கட்டிக் கொண்டாருது" என்று சிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சாவு வீட்டுக்கு அந்த ஓட்டுநரும் வந்திருந்தார். "தெரியாமத்தான மாத்திக் குடுத்தாக. எனக்கு மனசுல ஒண்ணுமில்லம்மா" என்று செல்வியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா எங்கிட்டக்கூடச் சொல்லலண்ணே. கண்ணத் தொறந்து பறிக்க மாட்டியான்னு நானே வஞ்சிருக்கேன். அப்பவும் வாயத் தொறக்கல" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்டத் தனியாச் சொல்லி என்ன செய்ய? அந்தா, அங்கன நிக்கிறாகள்ல. அவுககிட்டச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். ஓட்டுநர் உள்ளே போய் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மற்றவர்களுக்கு இங்கே சொல்லிவிட்டேன்.

நம்பி வாங்கலாம் என்று தேனியில் என் கடைக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அது பவுன்தாயக்காவின் பெயர்.